பாட்டில் ஊர் உண்டா? பேர் உண்டா?

பாட்டு என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை!

ராஜபாளையத்திலும் இந்தச் சண்டை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு.

தாத்தாவுக்கு டி.எம்.சவுந்தரராஜன். அப்பாவுக்கு இளையராஜா. அக்காவுக்கு ஏ.ஆர்.ரகுமான். தம்பிக்கு? தம்பிக்கு "ராப்" பாட்டு!

"ஏலே, என்னடா சத்தம் இது? இந்த ஆள் பேசுறானா, பாடுறானா?" என்று தாத்தா கேட்கிறார்.

"ரெண்டும்தான் தாத்தா!" என்கிறான் பேரன்.

பேரன் சொன்னது சரி. ராப் என்பது பாதி பேச்சு, பாதி பாட்டு. தாளம் தப்பாமல் பேச வேண்டும். எதுகையும் மோனையும் தானாக வந்து விழ வேண்டும். மூச்சு விடக் கூட நேரம் இருக்காது. இந்த ராப் பாட்டு, அதற்கு ஏற்ற ஆட்டம், இசைத்தட்டைச் சுழற்றி வாசிக்கும் வித்தை, சுவரில் வண்ண எழுத்து எழுதும் கலை, இவை எல்லாம் சேர்ந்ததற்கு "ஹிப்-ஹாப்" என்று பெயர்.

"வெளிநாட்டுச் சரக்கு நமக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "பழைய பாட்டைக் கேட்டால் தூக்கம் வருகிறது" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இரண்டு பேரும் ஒன்றை மறந்து விட்டார்கள்.

இந்த ராப் பாட்டுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாட்டுக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருக்கிறது!

கோபப்பட வேண்டாம். பக்தி வேறு, பொழுதுபோக்கு வேறு. அது நமக்கும் தெரியும். நாம் சொல்ல வருவது வேறு விஷயம். பொறுமையாகப் படியுங்கள்.

துணி வாங்க நடந்த விருந்து!

முதலில் ராப் எங்கே பிறந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அதில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. 1970-ம் ஆண்டுகளில் அங்கே ஏழ்மை அதிகம். வேலை இல்லை. பல கட்டிடங்கள் தீப்பிடித்து எரிந்து, பாழாகக் கிடந்தன. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பு இன மக்களும், போர்ட்டோரிக்கோ தீவில் இருந்து வந்தவர்களும்தான். ஆகவே இது பணக்கார வெள்ளைக்காரன் பாட்டு அல்ல. ஏழை எளியவர்களின் பாட்டு!

அந்த பிராங்க்சில் சின்டி கேம்பெல் என்று ஒரு பெண். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. புதுத் துணி வாங்க வேண்டும். பணம் இல்லை.

என்ன செய்தாள்? 1973 ஆகஸ்டு 11-ந்தேதி, தாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தின் பொது அறையில் ஒரு ஆட்டம்-பாட்டு விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட் கட்டணம். ஆண்களுக்கு 50 சென்ட்.

இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ். ஜமைக்கா தீவில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 18. "கூல் ஹெர்க்" என்பது அவருடைய பட்டப்பெயர்.

பாட்டின் நடுவே வெறும் மேளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்தால் கூட்டம் துள்ளி ஆடுவதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். இரண்டு பெட்டியில் வைத்து மாற்றி மாற்றி ஓட்டினார். சில விநாடி மேளம் பல நிமிஷ மேளம் ஆகி விட்டது!

அந்த மேளத்துக்கு மேலே ஒலிபெருக்கியில் பேச்சு. என்ன பேச்சு? வந்திருந்த நண்பர்களின் பெயர்களைச் சொல்லி வாழ்த்தினார்கள். அவ்வளவுதான்!

ஹிப்-ஹாப் பிறந்த கதை இதுதான். முதலில் வந்தது மேளம். அடுத்து வந்தது பெயர்!

இன்றும் அந்த வழக்கம் போகவில்லை. ராப் பாடுகிறவர் தம் பெயரைச் சொல்வார். தம் தெருவைச் சொல்வார். தம் ஊரைச் சொல்வார். கலிபோர்னியா மாநிலத்தில் காம்ப்டன் என்று ஒரு ஊர். அங்கே பிறந்தவர் கென்ட்ரிக் லாமர். அந்த ஊர் அவருடைய பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2018-ல் அவருக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கு முன் மேற்கத்திய செவ்விசைக்கும் ஜாஸ் இசைக்கும் மட்டுமே போய்க் கொண்டிருந்த பரிசு அது!

கோதை போட்ட முத்திரை

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம்.

மார்கழி மாதம் என்றால் திருப்பாவை. விடியற்காலையில் கோவிலில் கேட்கிறோம். ரேடியோவில் கேட்கிறோம். வாயால் முணுமுணுக்கிறோம்.

திருப்பாவை பாடி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பாடியவர் ஒரு இளம் பெண். தோழிமாரை வீடு வீடாகப் போய் எழுப்புகிற மாதிரி பாடுகிறார். பறவைகள் கத்துகின்றன. தயிர் கடைகிற சத்தம் கேட்கிறது. எருமைகள் மேயப் போகின்றன. எல்லாம் அவர் பாட்டுக்குள் வருகின்றன.

கடைசிப் பாட்டில் என்ன செய்கிறார்?

தம் ஊரைச் சொல்கிறார். தம் தந்தையைச் சொல்கிறார். தம் பெயர் கோதை என்று சொல்கிறார். இந்த மாலையில் மொத்தம் 30 பாட்டு என்ற கணக்கையும் சொல்லி விடுகிறார்!

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். கணக்கைச் சொல்லி விட்டதால் பின்னால் வருகிறவர் ஒரு பாட்டைக் குறைக்கவும் முடியாது. ஒரு பாட்டை நுழைக்கவும் முடியாது. பெயரைச் சொல்லி விட்டதால் "இது நான் எழுதியது" என்று இன்னொருவர் சொல்லவும் முடியாது.

அந்தக் காலத்தில் அச்சு இயந்திரம் இல்லை. பதிவு அலுவலகம் இல்லை. பாட்டுதான் பத்திரம். கடைசிப் பாட்டுதான் கையெழுத்து!

பின்னாளில் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் 30 பாட்டுக்கும் ராகம் அமைத்தார். மெட்டு புதிது. பெயர் பழையதுதான். யார் பாடினாலும், எந்த மெட்டில் பாடினாலும், கோதை பெயர் பாட்டிலேயே இருக்கிறது. அழிக்க முடியாது.

பிராங்க்ஸ் வாலிபர் தம் பெயரையும் தெருவையும் பாட்டில் சொன்னது 1970-ம் ஆண்டுகளில். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் சொன்னது அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால்!

நாம் சொன்ன ஒற்றுமை இதுதான்.

சென்னிகுளத்துக்காரர்

இன்னொருவரையும் பாருங்கள். அவரும் நம் பக்கத்துக்காரர்தான்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவில் வட்டாரம். அங்கே சென்னிகுளம் என்று ஒரு கிராமம். 19-ம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். "காவடிச் சிந்து" பாடியவர். ஊற்றுமலை ஜமீன்தார் ஆதரவில் இருந்தவர். இளம் வயதிலேயே இறந்து போனார்.

கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் நடந்து கொண்டே பாட வேண்டும். அதற்கு ஏற்ற சந்தம். சொற்கள் ஒன்றை ஒன்று துரத்திக் கொண்டு வரும். வேகமாகப் பாடிப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக் கொள்ளும்! ராப் பாடும் பிள்ளைகள் ஒரு தடவை காவடிச் சிந்தை வாய் விட்டுப் பாடிப் பார்க்கட்டும். அப்புறம் "பழைய பாட்டு தூக்கம் வருகிறது" என்று சொல்ல மாட்டார்கள்.

அவரும் தம் பாட்டுக்குள் சென்னிகுளம் என்ற ஊரை வைத்தார். அண்ணாமலை என்ற பெயரையும் வைத்தார். ஆகவே இன்றும் அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை.

நம் கலைஞர்களின் பெயரையே பாருங்கள். சீர்காழி கோவிந்தராஜன். காருகுறிச்சி அருணாசலம். மதுரை சோமு. நாகூர் ஹனீபா. பெயருக்கு முன்னால் ஊர் வந்து நிற்கிறது! ஊரைச் சுமந்து கொண்டு போனவர்கள் நம் ஆட்கள். ராப் பாட்டுக்காரர் செய்வதும் அதுதானே?

சொல்லுக்குச் சொல் போட்டி

"ராப்பில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து பாடுகிறார்களே! அது என்ன பழக்கம்?" என்று கேட்கலாம்.

அதுவும் நமக்குப் பழசுதான். லாவணிப் பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி. எரியவில்லை என்று ஒரு கட்சி. விடிய விடியக் கேள்வியும் பதிலும் பறக்கும். பதில் சொல்லத் தெரியாதவர் தோற்றார்!

வில்லுப்பாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். நடுவில் இருப்பவர் கதையைச் சொல்லிக் கொண்டே போவார். பேச்சு பாட்டாக மாறும். பாட்டு பேச்சாக மாறும். பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். உடுக்கும் குடமும் தாளம் கொடுக்கும். நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையைச் சென்னை வரை கொண்டு போனார். 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 2022-ல் காலமானார்.

மேடையில் ஒருவர் சொல்ல, கூட்டம் பதில் கொடுக்கிறது. ராப் கச்சேரியிலும் இதுதான் நடக்கிறது. மேளம்தான் வேறு.

பேட்டையில் தொடங்கிய பயணம்

தமிழில் ராப் எப்போது பிரபலம் ஆனது?

1994-ல் "காதலன்" படம் வந்தது. ரகுமான் இசையில் "பேட்டை ராப்" என்று ஒரு பாட்டு. பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது. அதில் சுரேஷ் பீட்டர்சுடன் பாடியவர் யார் தெரியுமா? தேனி குஞ்சரம்மாள்! நாட்டுப்பாடல் பாடிய கிராமத்து அம்மா. பிரபலமான அந்தத் தமிழ் ராப் பாட்டிலேயே ஒரு கிராமத்துப் பெண் குரல் இருக்கிறது. அந்தப் பாட்டில் நமக்கு மிகவும் பிடித்தது அந்தக் குரல்தான்.

2006-ல் மலேசியாவில் இருந்து யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் "வல்லவன்" என்ற இசைத்தொகுப்பைக் கொண்டு வந்தார்கள். தமிழில் வேகமாகப் பாட முடியும் என்று காட்டினார்கள். தமிழ்நாட்டு வாலிபர்கள் பலருக்கு அது பாடப் புத்தகம் மாதிரி.

இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் வளர்ந்தார். "எம்.ஐ.ஏ." என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார். 2005-ல் வந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பின் பெயர் "அருளர்". அது அவருடைய தந்தையின் பெயர். 2007-ல் வந்த இரண்டாவது தொகுப்பின் பெயர் "கலா". அது தாயின் பெயர். தந்தை பெயரைச் சொல்லித் தன் பெயரைச் சொல்வது தமிழ்ப் பெண்ணுக்குப் புதிதா என்ன?

ஆதியும் ஜீவாவும் "ஹிப்ஹாப் தமிழா" என்று வந்தார்கள். சென்னையில் 2018 ஜனவரியில் "காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு மேடை ஏறியது. கானாவும் ராப்பும் கலந்து, சாதிக் கொடுமையைப் பற்றிப் பாடினார்கள். அந்தக் குழுவில் இருந்தவர் அரக்கோணம் பக்கத்து வாலிபர் அறிவு.

யார் பாட்டு இது?

2021 மார்ச்சில் "எஞ்சாய் எஞ்சாமி" பாட்டு வந்தது. அறிவும் தீயும் பாடினார்கள். இசை சந்தோஷ் நாராயணன். பல கோடித் தடவை உலகம் முழுவதும் பார்த்தார்கள்.

அந்தப் பாட்டில் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் வருகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தவர். அந்த வள்ளியம்மாள் பேரன் நான் என்று பாட்டிலேயே முத்திரை வைக்கிறார் அறிவு.

ஆனாலும் தகராறு வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு ஆங்கில இசைப் பத்திரிகை அட்டையில் அறிவு படம் இல்லை. ஏன் இல்லை என்று பலர் கேட்ட பிறகு, அவருக்கும் ஒரு அட்டை வந்தது. 2022-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டது. அறிவு மேடையில் இல்லை. பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இரண்டு பக்கமும் அறிக்கை வந்தது. 2024-ல் சந்தோஷ் நாராயணன், பாட்டைத் தந்த மூன்று பேருக்குமே வருமானம் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகக் குறை சொன்னார்.

யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு உண்மை தெரிகிறது. உலகப் புகழ் பெற்ற பாட்டுக்கே இந்த நிலை என்றால், நாற்று நடும் போது பாடிய பாட்டிக்கு என்ன நிலை?

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 1979-ல் "ராப்பர்ஸ் டிலைட்" என்ற பாட்டு வெளிவந்து சக்கைப்போடு போட்டது. அதைப் பாடிய மூவரில் ஒருவர், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற இன்னொரு கலைஞரின் நோட்டில் இருந்த வரிகளை எடுத்துப் பாடினார். அந்த வரிகளில் காசின் பட்டப்பெயர் ஒவ்வொரு எழுத்தாக வருகிறது. அதைக் கூட மாற்றாமல் அப்படியே பாடி விட்டார்!

இசைத்தட்டின் மேல் காஸ் பெயர் இல்லை. ஆனால் பாட்டுக்குள்ளே இருக்கிறது. இன்று வரை உலகம் முழுவதும் "அது காசின் வரிகள்" என்று சொல்கிறார்களே, எதனால்? பாட்டுக்குள் பெயர் இருந்ததால்தான்!

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பாட்டை எழுதியவர், "இது என்னுடையது, என் பெயரைப் போடு" என்று கேட்க அதில் உரிமை உண்டு. பாட்டைப் பணத்துக்கு எழுதிக் கொடுத்து விட்டாலும், பெயர் கேட்கும் அந்த உரிமை போய் விடாது.

2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவருக்கும் மெட்டு போடுகிறவருக்கும், அந்தப் பாட்டு பிறகு மற்ற இடங்களில் ஒலிக்கும் போது வருமானத்தில் பங்கு கிடைக்க வழி செய்தார்கள்.

சட்டம் இருக்கிறது. ஆனால் பெயரே தெரியாத பாட்டுக்குச் சட்டம் எப்படி உதவும்?

நாற்று நட்ட பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி. இவற்றுக்கு "நாட்டுப்பாடல்" என்று ஒரே பெயர் வைத்து விட்டோம். பாடியவர் பெயர் எங்கே? காற்றோடு போய் விட்டது.

எல்லாம் போய் விடவில்லை. ராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பாட்டுகளைச் சேகரித்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். மேடையிலும் பாடினார். 2018-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். ஒரு வீட்டுக்காரர்கள் செய்த வேலை இது. ஊரே சேர்ந்து செய்தால் எவ்வளவு செய்யலாம்!

நமக்குப் பிடிக்காதது

ராப் பாட்டு எல்லாம் நல்லது என்று நாம் சொல்ல மாட்டோம்.

சிலர் பாட்டில் விலை உயர்ந்த கார் வருகிறது. தங்கச் சங்கிலி வருகிறது. பாட்டில் வருகிறது! பாடுகிறவர் வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கே தவணை பாக்கி இருக்கும். இது யாருக்கோ நடந்த கதை. அதை இரவல் வாங்கிப் பாடுவதில் என்ன பெருமை?

பெண்களைத் திட்டுகிற பாட்டும் இருக்கிறது. 2011-ல் இணையத்தில் பரவிய "கிளப்புல மப்புல" பாட்டு அப்படிப்பட்டது. மெட்டு துள்ளல்தான். ஆனால் குடிக்கிற பெண்ணை மட்டும் கேலி செய்கிறது. ஆண் குடித்தால் என்னவாம்? அந்தப் பாட்டு நமக்குப் பிடிக்கவில்லை. அதைப் பாடிய ஆதியே பின்னால் ஜல்லிக்கட்டைப் பற்றிப் பாடினார். தமிழ் எழுத்தின் வரலாற்றைப் பற்றி 2019-ல் "தமிழி" என்ற தொடரை எடுத்தார். அது நமக்குப் பிடித்தது. நல்லதை நல்லது என்போம். கெட்டதைக் கெட்டது என்போம்.

"கொலவெறி" பாட்டும் 2011-ல்தான் வந்தது. தனுஷ் பாடினார். அனிருத் இசை. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "தமிழ் கெட்டுப் போச்சே!" என்று சிலர் தலையில் அடித்துக் கொண்டார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அது விளையாட்டுப் பாட்டு. சிரித்து விட்டுப் போகலாம். ஆனால் விளையாட்டே சாப்பாடு ஆகி விடக் கூடாது!

நம் ஊரில் பாட்டுக்குப் பஞ்சமா?

"எங்கள் ஊரில் என்ன இருக்கிறது, பாடுவதற்கு?" என்று வாலிபர்கள் கேட்கலாம்.

என்ன இல்லை?

1936-ல் ராஜபாளையம் மில் தொடங்கியது. அன்று முதல் எத்தனை குடும்பங்கள் நூலில் பிழைத்தன! ஷிப்டுக்குப் போகிறவர், தலையில் பஞ்சு ஒட்டிக் கொண்டு வீடு திரும்புகிறார். அது பாட்டு இல்லையா? கதிர் ஓடுகிற சத்தத்தை விடவா நல்ல தாளம் வேண்டும்?

பக்கத்தில் சத்திரப்பட்டி. அங்கே நெய்கிற பாண்டேஜ் துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. யார் யார் காயத்தையோ கட்டுகிற துணியை நெய்தவர் கை, பாட்டில் வர வேண்டாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறு ஊரில் கிண்டிய பால்கோவாவை "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று சொல்லி விற்கக் கூடாது. பால்கோவாவுக்கு ஊர்ப் பெயர் காப்பு இருக்கிறது. பாட்டுக்கு வேண்டாமா?

ஆடிப்பூரத் தேர் இருக்கிறது. வடம் பிடிக்கிற கை இருக்கிறது. அடுப்படியில் நிற்கிறவர் வியர்வை இருக்கிறது. மேற்கே மலை இருக்கிறது. மலை அடிவாரத்தில் மாந்தோப்பு இருக்கிறது. தெலுங்கு பேசுகிற வீடும் தமிழ் பேசுகிற வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. எந்த பிராங்க்சுக்குக் குறைந்தது நம் ஊர்?

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்-மந்திரியாக இருந்தவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கலைக்கு வீட்டைக் கொடுத்த ஊர் இது. அந்த ஊர்ப் பிள்ளைகள் கலைக்குத் தங்கள் குரலையாவது கொடுக்க வேண்டாமா?

மூன்று வேண்டுகோள்

பெரியவர்களே! பேரன் பாட்டுப் போட்டால் உடனே "நிறுத்து" என்று சொல்லாதீர்கள். ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். "என்ன சொல்கிறான், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பேரன் விளக்கிச் சொல்லட்டும். நல்ல பாட்டாக இருந்தால் பாராட்டுங்கள். கெட்ட பாட்டாக இருந்தால், விளக்கிச் சொல்லும் போதே பேரனுக்கு வெட்கமாக இருக்கும். நீங்கள் திட்ட வேண்டியதே இல்லை!

பெற்றோர்களே! மகன் பாட்டு எழுதினால் "படிப்பு கெட்டு விடும்" என்று பயப்படாதீர்கள். எதுகை தேடுகிற பிள்ளை அகராதியைத் திறக்கிற பிள்ளை. மகள் எழுதினாலும் தடுக்காதீர்கள். ஊருக்கே பெருமை தேடித் தந்த பாட்டைப் பாடியவர் ஒரு பெண் பிள்ளை என்பதை இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா?

வாலிபர்களே! யுவதிகளே! உங்களுக்குத்தான் வேலை அதிகம்.

உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. வீட்டில் பாட்டி இருக்கிறார். அவருக்கு ஒரு தாலாட்டாவது, ஒரு கும்மிப் பாட்டாவது தெரிந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சம்மதத்தோடு பாட்டைப் பதிவு செய்யுங்கள்.

பாடத் தொடங்கும் முன் மூன்று விஷயத்தை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். என் பெயர் இன்னது. என் ஊர் இன்னது. இந்தப் பாட்டை இன்னாரிடம் கற்றேன். இந்த மூன்று வரியைப் பதிவு செய்ய அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் இல்லாமல்தான் எத்தனையோ பாட்டிமார் பெயர் தெரியாமல் போய் விட்டார்கள்.

அப்புறம் அந்தப் பாட்டுக்கு உங்கள் மேளத்தைச் சேருங்கள். உங்கள் வரியையும் சேருங்கள். ஆனால் வெளியிடும் போது பாட்டி பெயரை முதலில் போடுங்கள். உங்கள் பெயரை அடுத்து போடுங்கள். மேளம் கொடுத்தவர், எழுதியவர், பாடியவர் எல்லோர் பெயரையும் எழுதி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் தாள் எதற்கு என்று நினைக்காதீர்கள். பாட்டு ஓடாத வரை எல்லோரும் நண்பர்கள்தான். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் தாள் தேவைப்படும்!

மெட்டை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். நியூயார்க்கில் இருந்து வாங்கலாம். மலேசியாவில் இருந்து வாங்கலாம். ஊரை மட்டும் இரவல் வாங்க முடியாது. பெயரையும் இரவல் வாங்க முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி தன் ஊரையும் பெயரையும் பாட்டில் எழுதி வைத்தாள். ஆயிரம் மார்கழி போன பிறகும் நமக்கு அவள் பெயர் தெரிகிறது.

அடுத்த பாட்டில் உங்கள் பெயரை எழுதுங்கள்!